ரீட்டாக்காவுக்கு வந்த நீர்க்கடுப்பு

1

சென்ற வாரம் என் மகள் ஷீபா ஒரு டாக்டரிடம் ஃபோனில் பொய் சொன்னாள். தன் பெயருக்குப் பதில் என் பெயரைச் சொல்லி, எனக்கு வந்த இருமலைத் தனக்கு வந்த இருமலாகப் பேசினாள். பக்கத்து சோபாவில் போர்வைக்குள் கிடந்த நான் தடுக்கவில்லை. தடுக்கக் குரல் இல்லை. பத்து நாள் இருமியதில் தொண்டை மொத்தமாகக் கடையை மூடிவிட்டது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இங்குள்ள நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, பெயரைச் சொன்னாலும் உங்களுக்குப் பிடிபடாத ஒரு சின்ன ஊர். உடம்பு சரியில்லை என்றால் காலை எட்டு மணிக்குக் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு ஃபோன் செய்ய வேண்டும். பிறகு டாக்டர் திரும்ப அழைப்பார். முதலில் மூன்று கேள்விகள்: பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசத்தின் முதல் வரி. மூன்றும் சரியாக இருந்தால்தான் நோயைப் பற்றிப் பேச்சு. நோயாளியேதான் பேச வேண்டும். புருஷனோ பிள்ளையோ பேசினால், தயவுசெய்து அவரிடம் ஃபோனைக் கொடுங்கள் என்பார்கள். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு நேராக மருந்துக்கடைக்கு ஃபேக்ஸில் போய்விடும்.

இது எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், வேறொரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் ஐந்து வருடமாக இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான்தான். அம்மாவின் குரலில் பேசும் மகள், புருஷன் குரலை வரவழைத்துக்கொள்ளும் பெண்டாட்டி என்று எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். மரியாதையாகத்தான் பிடிப்பேன். ஆனால் விடமாட்டேன்.

ஷீபா என் பிறந்த தேதியைத் தயங்காமல் சொன்னாள். பதினான்கு வயதுக் குரலை நாற்பது வயதுக்கு இறக்கிக்கொண்டு, நடுவில் இரண்டு முறை இருமியும் காட்டினாள். அந்தப் போலி இருமலைக் கேட்டதும் எனக்கு ரீட்டாக்காவின் நினைவு வந்துவிட்டது.

2

இங்கே வருவதற்கு முன்னால் ராயபுரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தேன். பார்மசி டிப்ளமா படித்தவள் நான். முதலாளி படித்தது வியாபாரம். அதனால் மாத்திரை என் பொறுப்பு, மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. தெருவில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் மெடிக்கலு.

கடைக்கு மாடியில் எங்கள் டாக்டரின் கிளினிக். காலையில் மட்டும்தான் அவர் அங்கே இருப்பார். மாலையில் திருவொற்றியூரில், விம்கோ நகர் பக்கம் இருந்த இன்னொரு கிளினிக்குக்குப் போய்விடுவார். ஆனால் ஜுரமும் வயிற்றுப்போக்கும் நேரம் பார்த்து வருவதில்லையே. அதற்கு வழி கடை வாசலில் இருந்த சிவப்பு ஃபோன். ஒரு ரூபாய் போட்டால் மூன்று நிமிடம். நோயாளி திருவொற்றியூருக்கு ஃபோன் செய்து தன் கதையைச் சொல்லுவார். டாக்டர் கேட்டுவிட்டு, "மெடிக்கலுகிட்ட குடு" என்பார். ரிசீவர் என் கைக்கு வரும். அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு மருந்தை எடுத்துக் கொடுப்பேன். மறுநாள் காலை மாடிக்கு ஏறும் முன் அவர் கடை வாசலில் நின்று அந்தப் பக்கத்தைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் நேராகக் கையெழுத்துப் போடுவார். சட்டப்படி இது எந்த வகையில் சேரும் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் வியர்க்கிறது.

ஃபோன் வைத்தியத்தில் அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. இருமல் என்றால், "ஃபோன்ல இருமு" என்பார். கடை வாசலில் நின்று ரிசீவருக்குள் ஊரே இருமும். சளி இருமலா, வறட்டு இருமலா என்று கேட்டே சொல்லிவிடுவார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அழவிட்டுக் கேட்பார். தெம்பாக அழுகிற பிள்ளைக்கு மருந்து, ஈனமாக அழுகிற பிள்ளையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேராகத் திருவொற்றியூருக்கு வர வேண்டும்.

அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு. நோயாளியே பேச வேண்டும். மூன்றாம் மனுஷன் சொல்லுகிற நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல விதிதான். ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஃபோனைக் கண்டாலே வாய் கட்டிக்கொள்ளும். மூன்று நிமிடத்தில் இரண்டரை நிமிடம் ஹலோ சொல்லியே போய்விடும். அதனால் தெரு ஒரு வழி கண்டுபிடித்தது. அந்த வழியின் பெயர் ரீட்டாக்கா.

ரீட்டாக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். அதிகாலை ஏலத்தில் பத்துப் பேர் கத்தும் கத்தலுக்கு நடுவே தன் விலையைக் கேட்கவைக்கிற குரல். அந்தக் குரலுக்கு மூன்று நிமிடம் தாராளம். பக்கத்து வீட்டுக்காரிக்கு முதுகு வலித்தால், ரீட்டாக்கா வந்து, "டாக்டரு, எனக்கு முதுவு வலிக்குது" என்பார். எதிர் வீட்டுக் கிழவருக்கு மூச்சு வாங்கினால் இவர் மூச்சு வாங்குவார். ஒரே வாரத்தில் அவருக்குக் காதுவலி, மலச்சிக்கல், சேற்றுப்புண் மூன்றும் வந்ததுண்டு. நோட்டைப் புரட்டினால் ராயபுரத்திலேயே பெரிய சீக்காளி ரீட்டாதான். நிஜத்தில் ஆள் குண்டுக்கல்.

இது எனக்குத் தெரியும். டாக்டருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். சில நாள் நான் மெதுவாக, "யாருக்குக்கா?" என்று கேட்பேன். அவர் கண்ணைச் சிமிட்டுவார். கூட்டமாக இருந்தால் கேட்கமாட்டேன்.

3

2001இல், ஆண் நர்ஸாக இருந்த என் கணவர் வின்சென்ட்டுக்கு இங்கே வேலை கிடைத்தது. குடும்பத்தோடு வந்தோம். ஷீபாவுக்கு ஏழு வயது. என் டிப்ளமாவைக் காட்டினால் இங்கும் மருந்துக்கடை வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன்.

இங்கிருந்த அலுவலகம், படித்த கல்லூரியிலிருந்து நேரடியாகக் கடிதம் வர வேண்டும் என்றது. கல்லூரிக்கு எழுதினேன். அவர்கள் நானே நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். நேரில் வர முடியாது, அதனால்தான் கடிதம் கேட்கிறேன் என்று எழுதினேன். அதற்குப் பதிலாக, நேரில் வராததற்குக் காரணம் காட்டி நேரில் வந்து மனு கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றரை வருடம் இப்படியே போனது. கடைசியில் நான் வரவேற்பு மேசைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கும் முதல் மாதமே ஒரு குளறுபடி. பேசி முடிக்கும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்பது என் வாய்ப் பழக்கம். ஒரு வயதான அம்மாளிடம் அதை ஆங்கிலத்தில் கேட்டுவைத்தேன். அவர் ஏதோ ரத்தப் பரிசோதனைக்காகக் கேட்கிறேன் என்று நினைத்து, அடுத்த முறை காலையிலிருந்து பட்டினியாக வந்து மயங்கி உட்கார்ந்துவிட்டார். மேலாளர் என்னை அழைத்து, சாப்பாடு பற்றிய விசாரணை நம் பணி விவரத்தில் இல்லை என்று மென்மையாகச் சொன்னார். அதை எழுத்திலும் கொடுத்தார்.

பிறந்த தேதி கேட்பதற்குப் பழக எனக்கு நாளானது. ராயபுரத்தில் அதைக் கேட்டால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். ரீட்டாக்கா தான் பிறந்தது ஒரு புயல் வருடம் என்பார், எந்தப் புயல் என்று அவருக்கே சந்தேகம். அவரை நாற்பத்தெட்டு என்று நோட்டில் எழுதியது நானாகப் போட்ட வயது. ஆனால் அங்கே தேதி தேவைப்படவில்லை. எனக்குப் பென்சிலின் ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு காப்ஸ்யூல் போட்டு உடம்பெல்லாம் தடித்து, முகம் பூசணிக்காய் போல வீங்கி, டாக்டர் வந்து ஊசி போட்டுத்தான் பிழைத்தேன். அன்றிலிருந்து பூ விற்கிறவர், ஐஸ் வண்டிக்காரர் வரைக்கும் தெரியும், மெடிக்கலுக்குப் பென்சிலின் ஆகாது என்று. இங்கே என்னைப் பற்றி நான்கு அலுவலகங்களில் கோப்பு இருக்கிறது. ஆனால் போன மாதம் வீடு மாறியதில் பழைய கிளினிக்கின் கோப்பு இன்னும் புது டாக்டருக்கு வந்து சேரவில்லை.

ஷீபாவைப் பற்றியும் சொல்லவேண்டும். சனிக்கிழமைகளில் பக்கத்து நகரத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். முதல் நாளே இவள் எழுந்து நின்று, "இன்னா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. அந்த ஆசிரியை, இது கொச்சை, நல்ல வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் பேசமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் ஆங்கிலத்துக்கு மாறினாள், பிறகு திரும்பவே இல்லை. எனக்கு அந்த ஆசிரியை மேல் இன்றும் கோபம். நாங்கள் பேசுவது எங்கள் ஊர்த் தமிழ், அதில் என்ன நல்ல வீடு, கெட்ட வீடு? போன வருடத்திலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு வராதே, முனையிலேயே நில் என்கிறாள். நிற்கிறேன். தாய் தகப்பன் பேசுவதைக் கேட்டுக் கூச்சப்படுகிற வயது என்று வின்சென்ட் சமாதானம் சொல்லுகிறார். எனக்குச் சமாதானம் ஆவதில்லை.

4

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அந்த 2001ஆம் வருடம், ஏப்ரல் மாதம். ஐந்து மணி இருக்கும். கடையில் நல்ல கூட்டம், பெரும்பாலும் ஹார்பரில் வேலை முடிந்து வரும் ஆண்கள். ரீட்டாக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சிவப்பு ஃபோனில் ரூபாயைப் போட்டார்.

"டாக்டரு, ரீட்டா பேசறேன். எனக்கு மூத்தரம் போனா எரியுது. ரெண்டு நாளா ஜொரமும் கீது."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் சட்டை செய்யவில்லை. டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் டக்டக்கென்று பதில் போயிற்று. இடுப்பு வலிக்குதா, வலிக்குது. குளிர் நடுக்கம், அது இல்லை. பிறகு டாக்டர் ஏதோ கேட்டார். ரீட்டாக்கா அதே குரலில் சொன்னார்:

"அதெல்லாம் நின்னு ரெண்டு வருசம் ஆவுது டாக்டரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரிசீவர் என்னிடம் வந்தது. டாக்டர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லி, ஐந்து நாள், காலை ஒன்று மாலை ஒன்று என்றார். எழுதினேன், அட்டையை வெட்டிக் கொடுத்தேன். ரீட்டாக்கா மடியில் செருகிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அன்று நான் யாருக்கு என்று கேட்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து, கூட்டம் குறைந்து ஒரு வாய் டீ குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ரீட்டாக்காவுக்கு மாத்திரை முழுங்க வராது. சர்ச் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கினால்கூடத் தண்ணீர் தேடுகிற ஆள். அவருக்கே உடம்பு சரியில்லை என்றால், "இத்த தூள் பண்ணிக் குடு மெடிக்கலு, தொண்டையில நின்னுக்கும்" என்று நின்று வாங்கிப் போவார். இன்றைக்குக் கொடுத்தது கட்டைவிரல் நகம் அளவு மாத்திரை. அவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அப்படியென்றால் யாருக்கு? அவர் வீட்டில் இருப்பது மூன்று பேர். அவர், ஹார்பரில் வேலை பார்க்கும் மகன் சேவியர், ஐந்து மாதத்துக்கு முன் அவன் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கூட்டிவந்த கௌதமி. எம்.கே.பி. நகரில் ஒரு பௌத்தக் குடும்பத்துப் பெண், இருபது வயது. இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய அப்பா அவளோடு பேசுவதில்லை, அம்மாவையும் வரவிடுவதில்லை. அந்த மாத்திரை கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாதது. அதனால்தான் டாக்டர் மாதவிடாய் பற்றிக் கேட்டிருக்கிறார். மற்ற கேள்விக்கெல்லாம் கௌதமிக்காகப் பதில் சொன்ன ரீட்டாக்கா, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தன் பதிலைச் சொல்லியிருக்கிறார்.

டீ டம்ளரை வைத்தேன். முதலாளியைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் எங்கே போகிறாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓடினேன்.

5

ரீட்டாக்கா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா மெடிக்கலு, வூட்டாண்டயே வந்துட்ட?" என்று சிரித்தார். மாத்திரை யாருக்கு என்று கேட்டேன். எனக்குத்தான் என்றார். முழுங்கினீர்களா என்று கேட்டேன். குனிந்து அடுத்த நெத்திலியை எடுத்தார். நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஊகிக்க முடியும்.

"கத்தாத, உள்ள பொண்ணு கீது" என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அது வெக்கப்படுது மெடிக்கலு. கடையில பத்து ஆம்பள நிக்கறான். அவனுங்க மூஞ்சியப் பாத்துகினு ஃபோன்ல எரியுதுன்னு சொல்லுமா அது? அவங்க அம்மா கூட இருந்தா சொல்லியிருப்பாங்க. எனக்கு இன்னா வெக்கம்? என்னுதுன்னு சொல்லிட்டேன்."

அதற்கு மேல் எனக்கு அவரைத் திட்ட வரவில்லை. டீ போடச் சொல்லி அவரை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனேன். கௌதமி பாயில் சுருண்டு படுத்திருந்தாள். நெற்றி கொதித்தது. காதோடு கேட்டேன், நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று. பன்னிரண்டு நாள் என்றாள். சேவியரிடம்கூடச் சொல்லவில்லை, நிச்சயமானதும் சொல்லலாம் என்றிருந்தாளாம். அட்டையைப் பார்த்தேன். ஒரு மாத்திரை இல்லை.

"அக்கா, புள்ளைக்கு எதுனா ஆயிடுமா?"

ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். எனக்குத் தெரியாது. டிப்ளமா புத்தகத்தில் கொடுக்கக் கூடாது என்று இருந்ததே தவிர, ஒன்று கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இருக்கவில்லை.

மூன்று பேரும் கடைக்கு வந்தோம். இந்த முறை நான் ஃபோன் செய்தேன். முழுதும் சொன்னேன். மறுமுனையில் டாக்டரின் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ஒரு மாத்திரையால் ஒன்றும் ஆகாது, இன்னொன்று போடக் கூடாது, நிறையத் தண்ணீர் கொடு, ஜுரத்துக்கு இதைக் கொடு, காலையில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அப்படித்தான் ரீட்டாக்காவுக்கு, கடையில் மிச்சம் நின்ற ஆண்கள் முன்னால், மருமகள் உண்டாகியிருக்கிற விஷயம் தெரிந்தது. அவருக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. கௌதமியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அவரு திடீர்னு கேட்டாரா, என் வாயி என் கதையச் சொல்லிடுச்சு மெடிக்கலு."

மறுநாள் காலை டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். 'ரீட்டா, 48' என்று நான் எழுதியிருந்த வரியில் அவர் விரல் நின்றது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்கேல் கேட்டார். நோட்டின் கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாக ஒரு கோடு இழுத்து, மேலே 'யாருக்கு?' என்று எழுதினார்.

"தப்பு என்னுது. நோயாளிதான் பேசணும்னு நான் சொன்னேன். அதான் பேசறவங்கல்லாம் நோயாளியா ஆயிட்டாங்க" என்றார்.

அன்று முதல் ஃபோனை எடுத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். யாருக்கு? யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் பேசலாம், உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ரீட்டாக்காவின் சீக்குகள் ஒரே வாரத்தில் குணமாகிவிட்டன.

6

டாக்டர் ஒன்றும் ஆகாது என்று சொன்னது என் காதுக்குக் கேட்டது, வயிற்றுக்குக் கேட்கவில்லை. கேட்காமல் அட்டையை வெட்டிக் கொடுத்த கை என்னுடையது. கௌதமி கடைப்பக்கம் வரும்போதெல்லாம் அவள் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பேன். ஸ்கேன் எடுத்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்போதும் எனக்கு நிம்மதி வரவில்லை. ஆறாம் மாதத்தில் நான் விமானம் ஏறினேன். வழியனுப்ப வந்த ரீட்டாக்கா ஒரு பை கருவாடு கொடுத்தார். வின்சென்ட் அதை வாசனை தாங்காமல் நான்கு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றினார்.

இங்கே முதல் குளிர்காலம். எனக்குப் பேச ஆள் இல்லை, வேலை இல்லை. கையில் ஒரு ஃபோன் கார்டும் தேதி எண்ணுகிற வேலையும் மட்டும். டிசம்பரில் ஒரு காலை கடைக்கு ஃபோன் செய்தேன். முதலாளி என் குரலைக் கேட்டதும், பிள்ளை பிறந்து நான்கு நாள் ஆகிறது, பெண் குழந்தை என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்கு அவர், குழந்தை குழந்தை மாதிரி இருக்கிறது என்றார். அந்த மனுஷனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ரீட்டாக்காவைக் கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டு, கால்மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்தேன்.

ரீட்டாக்கா குழந்தையையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"கையி காலு எல்லாம் கரீட்டா கீது மெடிக்கலு, நானே எண்ணிட்டேன். டாக்டரும் பாத்துட்டாரு. நீ கேக்கணும்ல, இரு."

குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டியிருக்க வேண்டும். அந்தக் குழந்தை அழுத அழுகை, ஏலத்தில் விலை கேட்கிற அழுகை. எங்கள் டாக்டர் கேட்டிருந்தால் மருந்தே வேண்டாம், போ என்றிருப்பார். மாடிப்படியில் உட்கார்ந்து ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நானும் அழுதேன். ஷீபா வந்து என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டாள். அப்போது அவள் அப்படித்தான் பேசுவாள். பாப்பாவுக்கு என்ன பெயர் என்று நான் கேட்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

7

இப்போது சென்ற வாரத்துக்கு வருகிறேன்.

ஷீபா ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் டாக்டர் கேட்பது எனக்கும் கேட்டது. வயதானவர், நிதானமான குரல். எத்தனை நாளாக, சளி என்ன நிறம், காய்ச்சல் உண்டா? ஷீபா பிசிறில்லாமல் பதில் சொன்னாள். பத்து நாளும் என்னைக் கவனிக்காதவள் போல ஃபோனும் பாட்டுமாக இருந்த பெண் இவள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் இரவு எத்தனை மணிக்குக் காய்ச்சல் ஏறியது என்பதுகூட. எனக்குப் பெருமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வரவேற்பு மேசைக்காரி அந்த நேரம் என்னுள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் டாக்டர், ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் ஷீபா.

அவளுக்கு இல்லை. அவளுக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளும். டாக்டர், சரி, அப்படியானால் பென்சிலின் வகையில் ஒன்று அனுப்புகிறேன் என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்து கத்தினேன். காற்று வந்தது. கையை ஆட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். என் பூசணிக்காய் முகத்தைப் பார்த்த ஊர் எங்கேயோ இருக்கிறது, நான் பெற்ற பிள்ளைக்கு அது தெரியாது. நான் சொன்னதே இல்லை. கஷாயம் குடித்த எவர்சில்வர் டம்ளர் கைக்கு எட்டியது. கரண்டியை எடுத்து அதில் ஓங்கி ஓங்கித் தட்டினேன்.

ஷீபா திரும்பினாள். நான் பக்கத்தில் கிடந்த மின்கட்டண உறையின் பின்புறம் எழுதினேன். முதலில் 'பென்சிலின் ஆகாது' என்று. அவளுக்குத் தமிழ் எழுத்து படிக்க நேரமாகும் என்று அடித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: யாருக்கு என்று சொல்லிவிடு.

அவள் இரண்டையும் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஃபோனின் வாய்ப்பகுதியைக் கையால் மூடிக்கொண்டு, டாக்டருக்குப் புரியக் கூடாது என்று, என்னிடம் தமிழில் கேட்டாள்:

"இன்னாம்மா, நெஜமாவே சொல்ட்டுமா? திட்டுவாரே."

ஏழு வருடத்தில் அந்தத் தமிழ் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாது. ஒரு எழுத்துகூட மாறாமல் ராயபுரத்துத் தமிழ். நான் தலையை ஆட்டினேன்.

அவள் ஃபோனை வாயருகே கொண்டுபோனாள். தான் நோயாளி இல்லை, மகள் என்றாள். அம்மாவுக்குக் குரல் போய்விட்டது, ஆனால் அம்மாதான் பேச வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள், அதனால்தான் அப்படிச் சொன்னேன், அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாதாம், இப்போதுதான் எனக்குத் தெரியும் என்றாள். சொல்லும்போது அவள் குரல் பதினான்கு வயதுக்குத் திரும்பிவிட்டது. அம்மாவுக்கு, எங்கள் அம்மாவுக்கு என்று நான்கைந்து முறை சொன்னாள்.

மறுமுனையின் மௌனம் எனக்குப் பழக்கமானது. இங்கே ஃபேன் சத்தம் மட்டும்தான் இல்லை. விதிப்படி அவர் ஃபோனை வைத்துவிட்டு, நேரில் வரச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிறகு அவர், உண்மையைச் சொன்னது நல்லது, வேறு மருந்து அனுப்புகிறேன் என்றார். அதற்கு முன், அம்மா பக்கத்தில் இருந்தால் ஃபோனை அவர் வாயருகே வைக்க முடியுமா, இருமச் சொல்லுங்கள், நான் கேட்க வேண்டும் என்றார்.

ஷீபா சோபாவில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். ஒரு கையால் ஃபோனை என் வாயருகே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் முதுகில் வைத்தாள்.

"இருமும்மா" என்றாள். "நல்லா இருமு, அவருக்குக் கேக்கணும்ல."

ராயபுரத்துக்கே கேட்கிற மாதிரி இருமினேன்.